ஓய்வு நாளில் ஊரை விட்டுப் போகக் கூடாது

மச்சான்,

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் என் கையில் ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்தார்கள். ஏதோ பொட்டலம் கட்டிப் பிரித்த தாள். ஓரத்தில் எண்ணெய் பட்டு, வறுத்த கடலை வாசனை அடித்தது. "எதை வேணும்னாலும் படிங்க பெரியவரே" என்றார் டீச்சரம்மா. நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நீ எப்போதும் அங்கிருந்துதானே தொடங்குவாய்.

ஒரு செய்தியை முழுதாகப் படித்துவிட்டேன். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நம் நாட்டு அணி பாகிஸ்தானுக்குப் போகாதாம். அவர்கள் அணி இங்கே வராதாம். இரண்டு பேரும் கடல் தாண்டி மூன்றாவது ஊரில் ஆடினார்களாம். ஆடி முடித்துக் கை கொடுத்துக்கொள்ளாமலே கலைந்தார்களாம். அப்படிச் சந்தோஷப்படுகிற செய்தி இல்லைதான். ஆனாலும் கடைசிப் புள்ளி வரைக்கும் நானே போய்ச் சேர்ந்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் எழுதுவது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். முந்தின வருடத்து ஐப்பசி மழையில் நீ போன பிறகு எனக்குச் செய்தித்தாள் படித்துச் சொல்ல ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு என்றார்கள். நானும் தங்கச்சியும் சேர்ந்தோம். ஆமாம், உன் பெண்டாட்டிதான். ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். அவள் வேகமாகப் படிக்கிறாள், எனக்கு நேரம் ஆகிறது. "இன்னாண்ணா, இன்னும் அந்த வரியத் தாண்டலியா? மாடு இந்நேரம் ரெண்டு சால் ஓட்டி இருக்கும்" என்று எல்லோரும் கேட்கும்படி சொல்கிறாள். இந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஆகிறது. நீ அவசரப்பட மாட்டாய்.

மொட்டைப்பாறையை நினைத்துக்கொள்கிறேன். என் மேல்பட்டுக்கும் உன் கீழ்பட்டுக்கும் நடுவில் இருக்கிற பாறை. உன் டிரான்சிஸ்டர் அந்தப் பாறை மேல் மட்டும்தான் வாயைத் திறக்கும். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் நீ சென்னையில், கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் வேலை செய்தவன். ஆட்டம் நடக்கும்போது தூக்குவாளியோடு உள்ளே போய் டீ விற்றவன். அதனால் வெளிநாட்டு அணிகள் எல்லாம் உனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. வர்ணனை இங்கிலீஷில் வந்தால் அவர்கள் கத்துவதை வைத்தே என்ன நடந்தது என்று சொல்வாய். சென்னையில் ஆட்டம் என்றால் தமிழிலேயே வரும். அன்று நம் இரண்டு ஊர் ஆடுமாடும் பாறையைச் சுற்றித்தான் மேயும்.

எனக்கு உலகம் தெரிந்தது உன் வாயால். மேற்கிந்தியத் தீவுக்காரர்கள் வந்தபோது சொன்னாய்: "அவங்க பாட்டன் பூட்டனக் கப்பல்ல கட்டி இட்டும்போய் கரும்பு வெட்ட வுட்டாங்க மச்சான். நம்ம பக்கத்து ஜனமும் அங்க போயி வெட்டி இருக்குது. இப்ப அந்த வெள்ளக்காரன் கண்டுபுடிச்ச ஆட்டத்துலயே வெள்ளக்காரன் எலும்ப எண்ணறாங்க." அன்று முழுக்க நமக்கு எதிராக ஆடிய அவர்களுக்குத்தான் நான் கை தட்டினேன். நீ திட்டவில்லை.

தென்னாப்பிரிக்கா ஏன் எங்கேயும் வருவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். "ஊர் வெலக்கு" என்றாய். எனக்கு உடனே புரிந்தது. அந்த நாட்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களோடு சேர்ந்து ஆட மாட்டார்கள், ஒரே இடத்தில் உட்கார விட மாட்டார்கள். அதனால் மற்ற நாடெல்லாம் சேர்ந்து, இனி உன் வீட்டுக்கு நாங்கள் வரமாட்டோம், நீயும் வராதே என்று சொல்லிவிட்டன. திருட்டுத்தனமாகப் போய் ஆடிவிட்டு வந்தவர்களையும் அவரவர் நாடு தள்ளி வைத்தது. "வெலக்கு வூட்டுல தண்ணி குடிச்சா இங்கயும் அதானே" என்றாய்.

அப்போது சிரித்தோம். கொஞ்ச நாளில் அது நமக்கே வந்தது.

காளியம்மன் திருவிழாவில் முதல் கிடா மேல்பட்டுடையதா, கீழ்பட்டுடையதா என்று தொடங்கியது. கிடா இரண்டும் பிழைத்துக்கொண்டன, ஊர் இரண்டும் வெட்டிக்கொண்டன. எங்கள் ஊர்க்கவுண்டர் நான்கு விரலை மடக்கிக் கட்டுப்பாடு போட்டார். கீழ்பட்டோடு பேச்சு கிடையாது. நெருப்பு, தண்ணீர், சோறு கிடையாது. பெண் கொடுப்பது எடுப்பது கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போவது கிடையாது. உங்கள் ஊர்க்கவுண்டரும் அதே நான்கு விரலை மடக்கினார். என் தங்கச்சி அப்போது உன் வீட்டில் நிறைமாதம்.

காவேரி பிறந்தாள். ஒரு மணி நேர நடையில் இருக்கிறாள், நான் பார்க்கவில்லை. ஒரு வருடம் போனது, மூன்று வருடம் போனது. குழந்தைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். உன் ஊரில் மாமன் முறையுள்ள வேறு சிலர் மடி கொடுக்கிறோம் என்றார்கள். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கண்ணன் மடிதான். இல்லாங்காட்டி எம்பொண்ணு மூளிக் காதாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாளாம். மூளி, மூளி என்று மற்றக் குழந்தைகள் கேலி செய்வதாகவும் கேள்விப்பட்டேன். என் மடி சும்மா இருந்தது மச்சான். அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, எழுதக் கற்றுக்கொண்ட பிறகும் தெரியவில்லை.

அந்த மூன்று வருடமும் நாம் பாறையை விடவில்லை. நீ கிழக்கு ஓரம், நான் மேற்கு ஓரம். என் முகத்தைப் பார்க்காமலே டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் கூட்டி வைப்பாய். கேட்கக் கூடாது என்று எந்த விரலும் மடங்கவில்லையே. நான் புளி விற்கக் கண்ணமங்கலம் இறங்கினால் நான்கு பேட்டரி வாங்கி வந்து பாறையில் வைத்துவிட்டு, மறந்துவிட்டுப் போகிறவன் மாதிரிப் போய்விடுவேன். பேச வேண்டும் என்றால் நீ உன் வெள்ளாட்டிடம் பேசுவாய். நான் என் நாயிடம் பதில் சொல்வேன்.

அந்த மாசி மாதத்தில் பாகிஸ்தான் அணி நம் நாட்டுக்கு ஆட வந்திருந்தது. எல்லையில் இரண்டு பட்டாளமும் முகத்துக்கு முகம் நிற்கிறது, எந்த நேரமும் சண்டை என்று வானொலி சொன்னது. மறுநாள் அதே வானொலி, அந்த நாட்டு அதிபர் கிரிக்கெட் பார்க்க வருகிறேன் என்று விமானம் ஏறி நம் நாட்டுக்கே வந்துவிட்டார் என்றது. நீ எழுந்து நின்றுவிட்டாய்.

"கேட்டியாடி?" என்றாய் ஆட்டிடம். "சண்டைக்கு நிக்கிறவன் ஆட்டம் பாக்க வர்றேன்னான். வந்துட்டான். தொரத்த முடிஞ்சிதா? நாற்காலி போட்டு ஒக்கார வெச்சிகீறாங்க!"

நான் நாயைப் பார்த்தேன். "ஏண்டா, நாலு வெரல்ல ஆட்டம் கீதா?"

"இல்லியேடி," என்றாய் ஆட்டிடம். ஆடு தலையாட்டியது என்று நீ கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாய். அது இலையைத்தான் தின்றது.

நீ உன் ஊர்க்கவுண்டரிடம் போனாய். நான் எங்கள் ஊர்க்கவுண்டரிடம் போய், கீழ்பட்டு நம்மைக் கிரிக்கெட் ஆடக் கூப்பிடுகிறது என்றேன். நான்கு விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். கட்டை விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆட்டம் இதுல வரல," என்றார். "போலாம். ஆனா அவங்க தண்ணிய ஒருத்தன் குடிச்சான்னாலும் காலு இருக்காது. எத்தினி நாளு?"

"அஞ்சு நாளுங்க. நடுவுல ஒரு நாளு ஓய்வு."

"அஞ்சு நாளா? கல்யாணமே ரெண்டு நாளுடா!"

"வெளிநாட்டு அணி வந்தா அப்டித்தானுங்க."

அறுவடை முடிந்து உங்கள் சாமைக் காடு வெறுமையாகக் கிடந்தது. சாணி போட்டு மெழுகி, மாடு மிதித்து இறுகிய களம்தான் நடுவில் பிட்ச். பலாப்பலகையில் செதுக்கிய மட்டை. அதைத் தூக்கி நிற்கவே ஒரு ஆள் வேண்டும். நாங்கள் பதினோரு பேர், எங்கள் சாமைச் சோறு, எங்கள் தண்ணீர்க் குடம் என்று வரிசையாக வந்து இறங்கினோம். நடுவர்கள் இரண்டு பேர், ஊருக்கு ஒருவர். இரண்டு ஊர்க்கவுண்டர்களும் நாங்கள்தான் என்று நின்றுவிட்டார்கள். இருவரும் பேசிக்கொள்ளக் கூடாதே, எப்படித் தீர்ப்பு சொல்வது? நீ கை காட்டச் சொல்லிக் கொடுத்தாய். விரல் தூக்கினால் அவுட்டு. இரண்டு கையும் மேலே போனால் சிக்ஸர். கட்டுப்பாடு போட்ட இரண்டு பேரும் மூன்று வருடத்துக்குப் பிறகு எதிரெதிரே நின்று கையால் பேசிக்கொண்டதைப் பார்க்க உன் ஊர்ப் பெண்கள் எல்லாம் காட்டோரம் வந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தங்கச்சி இருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. நான் ஸ்லிப்பில் நின்றுகொண்டு அந்தக் குழந்தையையே பார்த்தேன். இரண்டு கேட்ச் விட்டேன். எங்கள் ஆட்கள் திட்டிய திட்டு எனக்குக் காதில் ஏறவில்லை.

பொழுது சாய்ந்தால் நாங்கள் மலையேறி வீட்டுக்குப் போய்விடுவோம், விடிந்தால் வருவோம். மூன்று நாள் அப்படியே போனது. பார்க்கத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்ததும் நீ களத்து நடுவில் போய் நின்றாய். பொதுவாக வானத்தைப் பார்த்துச் சொன்னாய்:

"நாளைக்கி ஓய்வு நாளு. சட்டம் இன்னான்னா, ஓய்வு நாள்ல வந்த அணி ஊர வுட்டுப் போவக் கூடாது. காலைல வந்துடணும், பொழுது சாயற வரைக்கும் ஆடற ஊர்லயே இருக்கணும். போனா தோத்ததாக் கணக்கு."

எங்கள் ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். "இன்னாடா இது?"

"அப்டித்தான் இருக்கும்ங்க," என்றேன். எனக்கு என்ன தெரியும்?

"ஆடாமயே தோக்கறதா? கீழ்பட்டான் கிட்டயா? வாங்கடா, காலைலயே வந்து ஒக்காருவோம்!"

மறுநாள் காலை வந்தோம். மட்டை இல்லை, பந்து இல்லை. வெறுங்கையோடு ஒருவன் ஊருக்குள் எவ்வளவு நேரம் நிற்பான்? மெதுவாக உன் வீட்டுப் பக்கம் வந்தேன். வாசலில் கண்ணமங்கலத்து ஆசாரி, காது குத்துகிற ஊசியும் சின்னப் பெட்டியுமாக உட்கார்ந்திருந்தார். அவர் இந்த மலைக்கு ஏறி நான் பார்த்ததே இல்லை.

எங்கள் ஊர்க்கவுண்டர் பின்னாலேயே வந்துவிட்டார். "இவரு எதுக்கு வந்துகீறாரு?" என்று என்னிடம் கேட்டார்.

நீ உன் ஆட்டைப் பார்த்துச் சொன்னாய்: "ஆட்டம் பாக்க வந்தாருடி."

"இன்னிக்கிதான் ஆட்டமே இல்லியே!" என்றார் அவர், மறுபடியும் என்னிடமே.

"அதாண்டி, பாவம். தெரியாம வந்துட்டாரு."

தங்கச்சி உள்ளேயிருந்து காவேரியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் எதிரே நின்றாள். ஒன்றும் பேசவில்லை. பேசினால் கட்டுப்பாடு உடையும். குழந்தையை என் மடியில் வைத்தாள், அவ்வளவுதான். எங்கள் ஊர்க்கவுண்டர் திரும்பி நின்று மலையைப் பார்க்கத் தொடங்கினார். அந்த மலையில் அப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அவருக்கும் மகள் ஒருத்தி உங்கள் ஊரில்தான் வாழ்ந்தாள்.

காவேரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ யாரு?" என்றாள். அவளுக்கு ஏது கட்டுப்பாடு?

"மாமன்," என்றேன். மூன்று வருடத்தில் கீழ்பட்டோடு மேல்பட்டு பேசிய முதல் சொல் அது.

ஊசி இறங்கியதும் அவள் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கை எல்லாம் எழும்பியது. என் தோளைக் கடித்துவிட்டாள். நான் அழுதது வலியால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் இலை போட்டார்கள். காது குத்திய வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் குழந்தைக்கு ஆகாது. யார் முதலில் கை வைப்பது என்று எல்லோரும் எங்கள் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள். உங்கள் ஊர்க்கவுண்டர், "ஓய்வு நாளுன்னா ஆட்டத்துக்கும் ஓய்வு, பகைக்கும் ஓய்வு" என்று கூரையிடம் சொன்னார். எங்கள் ஆள் போய் முதல் இலையில் உட்கார்ந்தார். தங்கச்சி குழம்புச் சட்டியோடு வந்து, இன்னும் போடட்டுமா என்பது போல் நின்றாள். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். சிக்ஸர்! அன்று சிரித்த சிரிப்பில் இரண்டு ஊரும் ஒன்றாகிவிட்டது. மீதி எல்லாம் பிறகு ஊர் கூடிச் சொன்ன பேச்சுத்தான்.

ஐந்தாம் நாள் பொழுது இறங்குகிறது, எங்களுக்கு ஒரே விக்கெட் மிச்சம், மட்டையோடு நிற்பது நான், பந்து உன் கையில். நீ விட்டுக்கொடுக்கவில்லை, அதில் எனக்கு இன்றும் பெருமை. நான் பலாப்பலகையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன். கடைசிப் பந்தும் வந்து பலகையில் முட்டி விழுந்தது. டிரா.

"யாருடா ஜெயிச்சது?" என்றார் எங்கள் ஊர்க்கவுண்டர்.

"யாரும் இல்லீங்க. ரெண்டு ஊரும் தோக்கல."

"அஞ்சு நாளு வெயில்ல நின்னு யாரும் ஜெயிக்கலியா? இன்னா எழவு ஆட்டம்டா இது!" கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "நல்லாத்தான் கீது," என்றார். அந்த வருடத் திருவிழாவில் இரண்டு கிடாவும் ஒரே நேரத்தில் விழுந்தன. நான்கு விரலும் விரிந்தன.

அன்று சாயங்காலம் பாறை வரைக்கும் என்னை வழியனுப்ப வந்தாய். டிரான்சிஸ்டர் கையில் இல்லை, ஆடும் இல்லை. என் முகத்தைப் பார்த்தே பேசினாய். "அப்டி ஒரு சட்டம் கெடயாது மச்சான்."

"எந்தச் சட்டம்?"

"ஓய்வு நாள்ல ஊர வுட்டுப் போவக் கூடாதுன்னு. எவனும் எங்கயும் வெக்கல. மெட்ராஸ்ல ஓய்வு நாளுன்னா அவனவன் குப்புறப் படுத்துத் தூங்குவான்."

யாரிடமும் சொல்லாதே என்றாய். நானும் சொல்லவில்லை. வருடா வருடம் மாசியில் ஆடினோம், வருடா வருடம் ஓய்வு நாளில் வந்த ஊர் போகாமல் இருந்தது. விலக்கு தீர்ந்து தென்னாப்பிரிக்கா திரும்பி வந்தபோது முதலில் நம் நாட்டுக்கு ஆட வந்தது. "வெலக்கு தீந்தவன் மொத சோறு நம்ம வூட்லதான் தின்னான்" என்று நீ பாறையில் குதித்தாய். சென்னையில் பாகிஸ்தான் நம்மை ஜெயித்த அன்று அத்தனை ஜனமும் எழுந்து நின்று அவர்களுக்குக் கை தட்டியது என்று வானொலி சொன்னபோது, நீ அழுதாய், தோற்ற வருத்தம் என்று என்னிடம் பொய் சொன்னாய். பிறகு வெளியே எல்லா நாட்டிலும் ஓய்வு நாளை எடுத்துவிட்டார்கள். நம் இரண்டு ஊர் மட்டும் எடுக்கவில்லை.

இந்த வருடம் அதற்கு வம்பு வந்தது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் இரண்டு ஊர் அணிக்காரர்களும் கூடினார்கள். எங்கள் அணித் தலைவன் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான், சென்னையில் வேலை. "இருபது ஓவர் போதும். காலைல வந்து ஆடிட்டு, மதியம் போய்ட்டே இருக்கலாம். ஓய்வு நாளு எதுக்கு?" என்றான். அது சட்டம்டா என்றேன். "எங்க எழுதி இருக்குது? செல்லுல தேடிட்டேன் பெரியப்பா. ஒலகத்துல எங்கயும் இல்ல."

இந்த உண்மை தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் போய்விட்டான், இன்னொருவன் நான். அப்போது பக்கத்தில் இருந்து தங்கச்சி என் காதில் சொன்னாள்:

"எழுதாதது நம்ம தப்புண்ணா."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? அவருக்குச் சொன்னதே நான்தானே. மூணு நாளா நீ வர்ற, போற. கண்ணால பாத்துட்டு இன்னா பண்றது? அவரு, ஓய்வு நாள்ல அவங்க வரவே மாட்டாங்கன்னாரு. அப்ப, வந்தாத்தான் ஆச்சுன்னு ஒரு சட்டம் போடுன்னேன். ஆசாரிக்கும் நான்தான் ஆள் அனுப்புனேன்."

மச்சான், நாற்பது வருடம் உன் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பந்தைக்கூடத் தொடாதவள் போட்ட சட்டம்! நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே. வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். என் மகன் பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் டீச்சரம்மாவிடம் ஒரு பெரிய அட்டை வாங்கினேன். அதில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "ஓய்வு நாளில் வந்த அணி ஊரை விட்டுப் போகக் கூடாது. போனால் தோல்வி." இரண்டு மணி நேரம் ஆனது. தங்கச்சி இரண்டு இடத்தில் திருத்தினாள். கீழே நான் மேல்பட்டு என்று கையெழுத்துப் போட்டேன், அவள் கீழ்பட்டு என்று போட்டாள். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினோம்.

அணித் தலைவன் வந்து படித்தான். மேலேயிருந்து கீழே வரை படித்தான். கையெழுத்தையும் படித்தான். அவன் கெட்டவன் இல்லை. அவன் அம்மாவும் உன் ஊர்ப் பெண்தான். "சரி, எழுதி இருக்குது," என்றான். "ஆனா இருபது ஓவர்தான் பெரியப்பா. முந்தின நாளு பாதி, ஓய்வு நாளு, அப்புறம் மீதி."

அது போதும் என்றேன்.

மாசி பிறக்க இன்னும் இருபது நாள் இருக்கிறது. இந்த முறை ஆட்டம் கீழ்பட்டில். என்னால் மட்டை தூக்க முடியாது, ஆனாலும் வந்த அணியில் நானும் ஒரு ஆள்தான், என் பெயரையும் சேர்க்கச் சொல்லிவிட்டேன். காவேரி தன் பேத்தியோடு வருகிறாள். அந்தக் குழந்தைக்கு இன்னும் காது குத்தவில்லை. ஓய்வு நாளன்று காலையிலேயே வந்து உன் வீட்டில் உட்கார்ந்துவிடுவேன். பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டேன். யார் போகச் சொன்னாலும் முடியாது, மச்சான். சுவரில் இருக்கிறது.